அத்தியாயம் 9: கல்லாவுக்குப் பக்கத்து உண்டியல்

களியக்காவிளையில் பஸ்ஸை விட்டு இறங்கி வடக்கே நடந்தால், இஞ்சிவிளை தாண்டுவதற்குள் கடைப் பலகைகளின் எழுத்து தமிழிலிருந்து மலையாளத்துக்கு மாறிவிடும். தோசையோடு வரும் ரசவடை மாறாது. பாறசாலை, குறுங்குட்டி, உதியன்குளங்கரை, அமரவிளை, நெய்யாற்றின்கரை என்று நெடுஞ்சாலை நெடுகச் சாயாக்கடையும் தட்டுக்கடையும் ஊணுக்கடையும்தான். மரச்சீனியும் மீன்கறியும் எங்கே நன்றாக இருக்கும் என்று முந்தைய அத்தியாயங்களில் பார்த்தாயிற்று. இப்போது கேள்வி வேறு. ருசியும் விலையும் ஏறக்குறைய ஒன்றாக உள்ள இரண்டு கடைகள் எதிரெதிரே இருக்கின்றன. ஒன்றின் கல்லா மேல் ஓர் உண்டியல், வாசலில் 'இன்றைய வரவு முழுவதும் சிகிச்சை உதவிக்கு' என்று ஒரு பேனர். மற்றதில் ஒன்றும் கிடையாது. எங்கே போய் உட்காருவது?

பலரும் பேனர் கட்டிய கடைக்குப் போவார்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் இலை போடுவதற்கு முன் இரண்டு கேள்விகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கொடுக்கப்படுவது யாருடைய பணம்? அது போய்ச் சேர்வது யாருக்கு? இந்த அத்தியாயம் முழுக்க இந்த இரண்டையும் எப்படி விசாரிப்பது என்பதுதான்.

இந்த மண்ணில் இவை பழைய கேள்விகள். திருவிதாங்கூர் அரசு ஊட்டுப்புரைகள் நடத்தியது. வழிப்போக்கருக்கு இலவசச் சாப்பாடு, செலவு கஜானாவுடையது. அந்தத் தருமத்தால் ராஜ்யத்துக்கே நல்ல பெயர். ஆனால் பந்தியில் உட்கார முடிந்தது பிராமணருக்கு. கஜானாவை நிரப்பிய வரியில் பெரும் பங்கு, உள்ளே நுழைய முடியாதவர்கள் கட்டியது. அவர்களில் பல சாதிகள் 1865 வரை தலைவரி வேறு கட்டினார்கள். லண்டன் மிஷனைச் சேர்ந்த சாமுவேல் மட்டீர் 1871-ல் திருவிதாங்கூர் பற்றி எழுதிய புத்தகத்துக்கு 'தரும பூமி' என்ற பொருளில் தலைப்பு வைத்தார். அந்த மிஷனுக்குப் பாறசாலையிலும் ஒரு நிலையம் இருந்தது. ஜான் ஆப்ஸ் என்ற பாதிரியார் அங்கே வெகுகாலம் வேலை செய்தார். தருமம் வாங்கியவர், அதற்குப் பணம் கொடுத்தவர், வெளியே நின்றவர் மூவரையும் பக்கத்தில் இருந்தே பார்த்தவர்கள் அவர்கள். தெற்கே சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் எல்லாச் சாதியாரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சாப்பிடச் செய்தது 19-ம் நூற்றாண்டின் முதல் பாதியில். அவர் வழியில் வந்த நிழல்தாங்கல் என்னும் வழிபாட்டு இடங்களில் சோறு கொடுப்பது இன்றும் உண்டு. நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்து அருவிப்புறத்தில் 1888-ல் பிராமணரல்லாத நாராயண குரு சிவனைப் பிரதிஷ்டை செய்தார் என்பதையும் இதோடு சேர்த்து நினைக்கலாம். ஆகவே இந்தப் பக்கத்தில் ஒரு கடையின் தருமத்தைப் பார்க்கும்போது, அதில் யார் சாப்பிடுகிறார் என்பதோடு யாருக்கு இடமில்லை என்றும் பார்க்கப் பழகுங்கள்.

பெரிய கம்பெனிகளை முதலில் முடித்துவிடலாம், அதுதான் சுலபம். 2013-ம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135-ம் பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி. இவற்றில் ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சி.எஸ்.ஆர். என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். சராசரி லாபம் 50 கோடி என்றால் ஒரு கோடி. செலவழிக்காமல் விட்டால் அரசு குறித்துள்ள நிதிக்கு மாற்றியாக வேண்டும். கட்சிக்குக் கொடுத்த நன்கொடையும், தன் ஊழியருக்கு மட்டும் செய்த சலுகையும் கணக்கில் சேராது. எனவே பீட்சா டப்பாவின் மேல் 'நாங்கள் இத்தனை குழந்தைகளுக்குச் சோறு போட்டோம்' என்று அச்சடித்திருந்தால் உருகிப்போக வேண்டாம். அந்தத் தொகை 2 சதவீதத்துக்குள் அடங்கிவிட்டால், அது சட்டம் கேட்டதைக் கட்டியது மட்டுமே. மேலே போயிருந்தால் பாராட்டலாம். கம்பெனியின் ஆண்டறிக்கையில் சி.எஸ்.ஆருக்கென்று தனி இணைப்பு உண்டு. எவ்வளவு செலவிட வேண்டியது, எவ்வளவு செலவிட்டது, எந்த மாவட்டத்தில் என்றெல்லாம் அதில் இருக்கும். தன் வட்டாரத்துக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதனால் திருவனந்தபுரம் மாவட்டத்தின் பெயர் அந்தப் பட்டியலில் வருகிறதா என்று மட்டும் தேடினாலே போதும், ஐந்து நிமிட வேலை.

ஒரு குழப்பத்தை மட்டும் தவிர்க்க வேண்டும். பலகையில் இருக்கும் பெயரும் லாபம் போகும் கம்பெனியும் ஒன்றல்ல. டோமினோஸ் இந்தியாவில் ஜூபிலண்ட் ஃபுட்வொர்க்ஸ் நடத்துவது. கே.எஃப்.சி. கடைகள் தேவயானி இன்டர்நேஷனல், சஃபையர் ஃபுட்ஸ் போன்றவை நடத்துபவை. தென்னிந்தியாவில் மெக்டொனால்ட்ஸ், வெஸ்ட்லைஃப் கையில். அமெரிக்கத் தலைமையகம் அங்கே என்ன கொடுத்தது, கொடுக்கவில்லை என்று படித்துவிட்டு இங்கே கடையைத் தேர்ந்தெடுப்பதில் அர்த்தமில்லை. பில்லின் அடியில் அச்சான கம்பெனிப் பெயரைப் பார்த்து, அந்தக் கம்பெனியின் அறிக்கையைத் தேடுங்கள்.

செயலிகளைப் பற்றி ஒரு வரி. உணவு டெலிவரி செயலியில் பணம் கட்டும் இடத்தில் 'பசித்தவருக்கு மூன்று ரூபாய்' என்று ஒரு சின்னப் பெட்டி வந்தால், அது கம்பெனியின் பணம் அல்ல, உங்களுடையது. சொமாட்டோ 2019-ல் ஃபீடிங் இந்தியா என்ற அமைப்பைத் தன்னோடு சேர்த்துக்கொண்ட பிறகு அந்தப் பெட்டி நமக்கு நன்றாகப் பழகிவிட்டது. கொடுப்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம், ஆனால் அதைச் செயலியின் புண்ணியக் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

இனி நம் ஊர். பாறசாலைப் பக்கத்துக் கடைகளில் பெரும்பாலானவை தனி ஆள் கடை, இல்லாவிட்டால் அண்ணன் தம்பி கடை. 135-ம் பிரிவு இவர்களைத் தொடாது. ஆண்டறிக்கை கிடையாது. யார் எவ்வளவு கொடுத்தார் என்று இணையத்தில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. வாய் திறந்து கேட்க வேண்டியதுதான். நல்ல காலம், இங்கே கேட்டால் யாரும் கோபப்படுவதில்லை. மலையாளப் பலகை படிக்கத் தெரியாதவர்கள் பக்கத்தில் சாயா குடிப்பவரிடம் கேட்டாலே போதும், பாதிப் பேருக்கு இரண்டு பாஷையும் தெரியும்.

கல்லா மேல் இருக்கும் உண்டியல்கள் பெரும்பாலும் நான்கு வகைக்குள் அடங்கும்: கோவில் அல்லது பள்ளிவாசலின் அன்னதானம், அநாதை இல்லம், 'சிகித்ஸா சஹாயம்' என்று எழுதிய ஒரு நோயாளிக்கான உதவி, 'பாலியேட்டிவ்' என்று எழுதிய படுக்கை நோயாளிகளுக்கான உதவி. கடைசி வகை கேரளத்தில் நன்றாக வேரூன்றியது. 2008-ல் இதற்கென்று கொள்கை அறிவித்த மாநிலம் இது. டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் 2003-ல் தொடங்கிய பாலியம் இந்தியா திருவனந்தபுரத்தில் இயங்குகிறது. பஞ்சாயத்துகளும் வீடு தேடிப் போகும் நர்ஸ் சேவை நடத்துகின்றன. அதனால் பாலியேட்டிவ் உண்டியல் என்றால் அதற்குப் பின்னால் ஒரு சங்கமோ பஞ்சாயத்து யூனிட்டோ இருக்க வேண்டும். அந்தப் பெயர் பெட்டியில் இல்லை என்றால் சந்தேகப்படலாம்.

கேட்க வேண்டிய கேள்வி, 'பணம் எங்கே போகிறது' என்பதல்ல. அதற்கு எல்லோரும் நல்ல பதிலே வைத்திருப்பார்கள். "அண்ணா, இந்தப் பெட்டிய திறக்க ஆரு வருவா? போன தடவை எப்ப வந்தா?" என்று கேளுங்கள். உண்மையான பெட்டிக்குச் சாவி கடைக்காரரிடம் இருக்காது. சங்கத்து ஆள் மாதம் ஒரு முறையோ இரண்டு முறையோ வருவார், கடைக்காரர் முன்னால் எண்ணுவார், ரசீது எழுதுவார். ரசீது கல்லா மேசைக்குள் கிடக்கும். கேட்டவுடன் எடுத்துக் காட்டுகிற கடை நல்ல கடை. 'அது கெடக்குது, நீங்க சாப்பிடுங்க' என்று சொல்கிற கடையில் சாப்பாடு மட்டும் சாப்பிடுங்கள்.

'இன்றைய வரவு சிகிச்சைக்கு' என்ற பேனர் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டிய விஷயம். கேரளம் முழுக்க இது வழக்கம்: ஒரு நாள் ஓட்டத்துப் பணத்தை அப்படியே நோயாளிக்குக் கொடுக்கும் தனியார் பஸ்கள், ஆட்டோ ஸ்டாண்டுகள், சாயாக்கடைகள். கிட்னி மாற்று, குழந்தைக்கு ஆபரேஷன் என்று ஊருக்குத் தெரிந்த வீடாகவே இருக்கும். அன்று சாயாவுக்குப் பன்னிரண்டு ரூபாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள், பெட்டியில் இருபதோ ஐம்பதோ போட்டுவிட்டுப் போவார்கள். இதில் கவனிக்க வேண்டியது 'வரவு' என்றால் மொத்த விற்பனையா, செலவு போக மிச்சமா என்பது. இரண்டும் நியாயம்தான். பாலும் சர்க்கரையும் காசு கொடுத்து வாங்கியது அல்லவா. ஆனால் கடைக்காரர் எதைச் சொல்கிறார் என்று தெளிவாக இருக்க வேண்டும். வேலையாட்களின் அன்றைய கூலியும் 'தருமத்தில்' சேர்ந்துவிட்டதா என்றும் பாருங்கள். முதலாளி கொடுக்கிறேன் என்று சொல்லி, வங்காளத்திலிருந்து வந்து பரோட்டா அடிக்கிற பையனின் ஒரு நாள் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டால், கொடுத்தவர் அந்தப் பையன்.

ஒரு நோயாளிக்கான நிதி என்றால் அதற்குக் கமிட்டி இருக்கும். கமிட்டியின் பேங்க் கணக்கு கூட்டுக் கணக்காக, இரண்டு மூன்று பேர் கையெழுத்தில் இருப்பது முறை. அவர்களில் ஒருவர் வார்டு மெம்பராக இருந்தால் விசாரிப்பது எளிது, பஞ்சாயத்து ஆபீசில் கேட்டால் போதும். தனி ஆள் பெயரில் கணக்கு என்றால் கொஞ்சம் நிதானியுங்கள். நோயாளியின் பெயரிலேயே கணக்கு என்றால் பரவாயில்லை, ஆனால் அப்போதும் ஆஸ்பத்திரியின் பெயரும் மதிப்பீட்டுச் செலவும் நோட்டீசில் இருக்க வேண்டும்.

பிரியாணி சேலஞ்ச் இந்த உதவி வசூலின் பெரிய அண்ணன். இளைஞர் சங்கமோ கிளப்போ பள்ளிக்கூடமோ சர்ச்சோ முன்கூட்டியே ஆர்டர் எடுத்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரியாணிச் செம்பை அடுப்பில் ஏற்றி, மத்தியானத்துக்குள் வீடு வீடாகப் பொதி கொண்டுவந்து கொடுப்பார்கள். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் நிலச்சரிவு வந்த பிறகு மாநிலம் முழுக்கப் பிரியாணியும் பாயசமும் இப்படி விற்றன. பழைய பேப்பரும் இரும்பும் சேர்த்து விற்றுக்கூட வீடு கட்டப் பணம் திரட்டினார்கள். இதில் நல்ல பக்கம், சமைப்பதும் பொட்டலம் கட்டுவதும் கூலியில்லாத வேலை. கெட்ட பக்கமும் உண்டு. அதே ஆண்டு காயங்குளத்தில் ஒரு பிரியாணி சேலஞ்சில் வசூலான பணம் போய்ச் சேரவில்லை என்று போலீஸ் வழக்குப் பதிவு செய்தது. ஒரு வழக்கை வைத்து எல்லாவற்றையும் சந்தேகிக்கத் தேவையில்லை. ஆனால் நூறு ரூபாய்ப் பொதியில் அரிசி, கோழி, எண்ணெய், டப்பா போக எவ்வளவு மிஞ்சும் என்று கேட்கும் உரிமை வாங்குபவருக்கு உண்டு. அரிசியை ஒரு மொத்த வியாபாரியும் கோழியை ஒரு கோழிக்கடையும் இலவசமாகக் கொடுத்திருந்தால் மிச்சம் பெரிதாக இருக்கும். எல்லாம் காசு கொடுத்து வாங்கியது என்றால் கொஞ்சம்தான் மிஞ்சும். முடிந்த பிறகு எத்தனை பொதி விற்றது, எவ்வளவு செலவு, எவ்வளவு ஒப்படைத்தது என்று வாட்ஸ்அப்பில் கணக்குப் போடுகிற கூட்டத்திடம் அடுத்த முறை கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

வருமான வரி கட்டுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பிரியாணி வாங்கியது நன்கொடை அல்ல, சாப்பாடு. 80ஜி சலுகை கிடையாது. சலுகை வேண்டும் என்றால் முதலமைச்சர் பேரிடர் நிவாரண நிதிக்கோ 80ஜி பதிவு பெற்ற சங்கத்துக்கோ நேரே அனுப்ப வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கணக்கில் எடுக்க மாட்டார்கள். அதுவும் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான்.

இப்போது ஜனகீய ஓட்டல். எல்லைக்கு இந்தப் பக்கம் வந்த தமிழர்கள் இதை அம்மா உணவகத்தோடு ஒப்பிடுவது வழக்கம். 2013 பிப்ரவரியில் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகம் அரசாங்கத்தின் கடை, ஒரு ரூபாய் இட்லி அரசாங்கத்தின் செலவு. ஜனகீய ஓட்டல் அப்படியல்ல. நடத்துவது 1998-ல் தொடங்கிய குடும்பஸ்ரீயின் பெண்கள் குழு. 2020-21 பட்ஜெட்டில் அறிவித்து, கொரோனா காலத்தில் ஆயிரத்துக்கும் மேல் திறந்தார்கள். ஊண் 20 ரூபாய். ஊருக்கு ஊர் கட்டிடமும் தண்ணீரும் கரண்டும் பஞ்சாயத்து பார்த்துக்கொண்டது. அரசின் சப்ளைகோ கடையிலிருந்து அரிசி கிலோ 10 ரூபாய் 90 பைசா. ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் 10 ரூபாய் மாநில அரசு மானியம். மானியம் மாதக்கணக்கில் நிலுவை விழுந்தது. மளிகைக் கடையிலும் மீன்காரரிடமும் கடன் சொல்லி ஓட்டியது அந்தப் பெண்கள். சிலர் நகை அடகு வைத்தார்கள். 2023 ஆகஸ்டில் மானியம் நின்றது, ஊண் விலை 30 ரூபாய் ஆனது. பாக்கி கேட்டு அவர்கள் போராடிய செய்திகள் எல்லாப் பத்திரிகையிலும் வந்தன.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 20 ரூபாய்ச் சாப்பாட்டின் பெருமை பேனரில் ஒருவருக்குப் போனது, அதன் விலையை வேறு சிலர் சுமந்தார்கள். மேலே கேட்ட முதல் கேள்விக்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை. உங்கள் வழியில் ஒரு ஜனகீய ஓட்டல் இன்னும் திறந்திருந்தால், என் சிபாரிசு அதற்குத்தான். விலை குறைவு என்பதற்காக அல்ல. லாபம் என்று ஏதாவது மிஞ்சினால் அது இலை போட்டுப் பரிமாறும் அந்தச் சேச்சிகளுக்கே போகும் என்பதற்காக. கூடவே பொரிச்ச மீன் வாங்குங்கள். ஊணில் ஒன்றும் மிஞ்சாது, மீனில்தான் கொஞ்சம் நிற்கும். பன்னிரண்டரைக்குள் போய்விட வேண்டும். ஒன்றரைக்கு மேல் போனால் அவியல் தீர்ந்திருக்கும்.

இதே கணக்கில் இந்தியன் காபி ஹவுஸும் வரும். காபி போர்டு தன் கடைகளை மூடியபோது வேலை இழந்தவர்களை ஏ.கே. கோபாலன் கூட்டுறவாகத் திரட்டினார். கேரளத்தின் முதல் கிளை 1958-ல் திருச்சூரில் திறந்தது. தம்பானூரில் லாரி பேக்கர் கட்டிய சுழல் வடிவக் கடைக்கு மாடிப்படியே கிடையாது, சாய்தளத்தில் ஏறியபடியே மேசைகள். அங்கே உண்டியலைத் தேடாதீர்கள். தலைப்பாகை கட்டி மசால் தோசை கொண்டுவருபவரும் கடைக்குச் சொந்தக்காரர். தருமம் தேவைப்படாத அளவுக்குச் சம்பளம் கொடுப்பதும் தருமத்தில் சேர்த்தி என்பது என் கட்சி. இதற்கு மறுப்புச் சொல்பவர்கள் உண்டு. சொல்லட்டும்.

அதனால்தான் எந்தக் கடையிலும் உண்டியலைப் பார்ப்பதற்கு முன் வேலையாட்களைப் பாருங்கள் என்கிறேன். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஓட்டலில் ஈ.எஸ்.ஐ. இருக்க வேண்டும், மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்குக் கடைக்காரர் 3.25 சதவீதம், ஊழியர் 0.75 சதவீதம் கட்டுகிறார்கள். ஒடிசாவிலிருந்தோ அசாமிலிருந்தோ வந்தவரிடம் 'கார்டு கிடைச்சுதா' என்று கேட்டால் பதில் வரும், முதலாளி பக்கத்தில் இல்லாதபோது கேட்டால். கேரளம் 2018-லும் தமிழ்நாடு 2021-லும் கடை ஊழியர்கள் உட்கார நாற்காலி கொடுக்க வேண்டும் என்று சட்டம் திருத்தின. கல்லா ஓரம் ஒரு ஸ்டூல் கிடக்கிறதா, பில் போடும் பெண் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறாளா என்பது கண்ணுக்குத் தெரிகிற விஷயம். ஊருக்கு அன்னதானம் போட்டு உள்ளே சம்பளப் பாக்கி வைக்கும் கடைகள் எல்லைக்கு இரண்டு பக்கமும் உண்டு.

'இஷ்டம்போல் கொடுங்கள்' வகைக் கடைகள் நம் எல்லையில் இல்லை, ஆனால் தெரிந்துகொள்வது நல்லது. ஆலப்புழைக்குப் பக்கத்தில் பாதிரப்பள்ளியில் 2018-ல் திறந்த ஜனகீய பக்ஷணசாலையில் கல்லாவே கிடையாது. வயிறு நிறையச் சாப்பிடலாம், முடிந்ததைப் பெட்டியில் போடலாம், போடாமலும் போகலாம். நடத்துவது ஸ்நேக ஜாலகம் என்ற பாலியேட்டிவ் அமைப்பு. நீராவிச் சமையலறைக்குப் பணம் வந்தது கேரள அரசின் நிதி நிறுவனமான கே.எஸ்.எஃப்.ஈ.யின் சி.எஸ்.ஆர். நிதியிலிருந்து. கம்பெனிப் பணம் ஒரு சாப்பாட்டுக் கடையாகவே மாறிய நல்ல உதாரணம் இது. தமிழர்களுக்குப் பழக்கமான இன்னொன்று அன்னலட்சுமி. சுவாமி சாந்தானந்த சரஸ்வதியின் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸைச் சேர்ந்தவர்கள் 1980-களில் மலேசியாவில் தொடங்கி, சிங்கப்பூருக்கும் பெர்த்துக்கும் கோயம்புத்தூருக்கும் கொண்டுபோனது. தொண்டர்கள் பரிமாறுவார்கள், வருமானம் கலைக்கும் மருத்துவ உதவிக்கும். கோழிக்கோட்டில் 2015-ல் மாவட்ட நிர்வாகமும் ஓட்டல்காரர்கள் சங்கமும் சேர்ந்து நடத்திய ஆபரேஷன் சுலைமானியை நான் இவை எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். கூப்பன் வைத்திருப்பவர் சாதாரண ஓட்டலுக்குள் போய், காசு கொடுத்தவருக்குப் பக்கத்து மேசையில் அதே ஊணைச் சாப்பிட முடிந்தது. யார் என்று யாரும் கேட்கவில்லை. ஊட்டுப்புரைக் காலத்திலிருந்து இங்கே வந்து சேர நூற்றாண்டுக்கு மேல் பிடித்திருக்கிறது.

சங்கடமான ஒரு விஷயம் பாக்கி. கொடுப்பது பார்த்துக் கடை தேர்ந்தெடுக்கிறேன் என்று தொடங்குபவர், கொஞ்ச நாளில் நம் ஆள் கடை, அவன் ஆள் கடை என்று பிரிக்கத் தொடங்கிவிடுவார். அமெரிக்காவில் 2012-ல் சிக்-ஃபில்-ஏ என்ற கோழிக்கடைக் கம்பெனியின் நன்கொடைகள் ஒருபால் திருமணத்தை எதிர்க்கும் அமைப்புகளுக்குப் போவதாகத் தெரிந்தபோது ஒரு பாதி புறக்கணித்தது, மறு பாதி ஆதரவு காட்ட வரிசையில் நின்றது. அங்கே குறைந்தபட்சம் பணம் எந்த அமைப்புக்குப் போகிறது என்று எழுத்தில் இருந்தது. கேரளத்தில் 2021 நவம்பரில் ஹலால் பலகையை வைத்து எழுந்த சர்ச்சையில் அதுகூட இல்லை. முதலாளியின் மதமே குற்றச்சாட்டு ஆனது. பாறசாலை வட்டாரத்தில் நாடார் கடை, நாயர் கடை, முஸ்லிம் கடை, சர்ச் பக்கத்துக் கடை எல்லாம் ஒரே சந்திப்பில் இருக்கும். கேள்வி கேட்பதானால் எல்லாக் கடையிலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள். கோவில் திருவிழாவுக்குக் கொடுக்கிற கடையும் சர்ச் பெருநாளுக்குக் கொடுக்கிற கடையும் ஊர்ச் செலவைப் பகிர்கின்றன, அவ்வளவுதான். அதைத் தருமக் கணக்கில் நான் கூட்டுவதும் இல்லை, கழிப்பதும் இல்லை. நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி விக்கிரகம் திருவனந்தபுரம் போகும் வழியில் நெய்யாற்றின்கரையில் இரவு தங்கும். அன்று மோர்ப்பந்தல் போடுபவர்களின் பட்டியலை வைத்துக் கடையைத் தேர்ந்தெடுத்தால், வருடத்தில் ஒரு நாள் மட்டும் நல்லவர்களிடம் சாப்பிட்டவர் ஆவீர்கள்.

மிச்ச உணவு பற்றியும் கேளுங்கள். இராத்திரி பத்து மணிக்கு மிஞ்சிய பரோட்டா எங்கே போகிறது என்ற கேள்விக்கு 'நாளைக்குக் கொத்து' என்று பதில் வந்தால் அது தருமத்தில் சேராது, மெனுவில் சேரும். மிச்சத்தைக் கொடுப்பதற்கும் ஒழுங்கு உண்டு. உபரி உணவை வாங்கி விநியோகிப்பது பற்றி உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-ல் விதிமுறை வெளியிட்டது. கோயம்புத்தூரில் 2014-ல் தொடங்கிய நோ ஃபுட் வேஸ்ட் போன்றவர்கள் சூடு ஆறுமுன் எடுத்துப்போய்ச் சேர்க்கிறார்கள். அன்றைக்கே, கெடுமுன், தனிப் பாத்திரத்தில் கொடுக்கிற கடைக்காரர் என்றால் நம்பலாம். திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜில் டி.ஒய்.எஃப்.ஐ. இளைஞர் அமைப்பு தினமும் கொடுக்கும் பொதிச்சோறு மிச்ச உணவல்ல. வீட்டில் சமைக்கும்போதே ஒரு பொதி கூடுதலாகக் கட்டுவது. மெடிக்கல் காலேஜில் துணைக்கு இருக்க நேர்ந்தால் வாங்கிச் சாப்பிடத் தயங்க வேண்டாம், அது யாரென்று கேட்காமல் கொடுப்பது.

கடைசியாகக் கைபேசி. இப்போது உண்டியலுக்குப் பதிலாகப் பல கடைகளில் ஒரு கியூ.ஆர். அட்டை ஒட்டியிருக்கிறது. சாப்பாட்டுக்கு ஒன்று, உதவிக்கு ஒன்று என்று இரண்டு அட்டை இருந்தால் நல்லது. ஸ்கேன் செய்தவுடன் தொகை அடிப்பதற்கு முன் திரையில் பெயர் வரும், அதைப் படியுங்கள். உதவி அட்டையில் சங்கத்தின் பெயரோ கமிட்டியின் பெயரோ நோயாளியின் பெயரோ வந்தால் அனுப்பலாம். கடைக்காரர் பெயரே வந்தால் ஊணுக்கான காசை மட்டும் அனுப்பிவிட்டு, உதவித் தொகையைக் கமிட்டிக்காரர் ரசீதுப் புத்தகத்தோடு வரும்போது கொடுப்பதாகச் சொல்லுங்கள். எந்தக் கிழமை வருவார் என்று கடைக்காரருக்குத் தெரியும்.